குடிகளின் அபிப்பிராயம்: ஊகமும் விசாரணையும்

புதிய விதை, புதிய பாசன முறை, புதிய கூட்டுறவு ஏற்பாடு ஆகிய எதனையும் கிராமங்களில் பரப்ப முற்படும் இலாகாவின் முன் நிற்கும் முதற் கேள்வி, குடிகள் அதனைப் பற்றி என்ன நினைக்கின்றனர் என்பதேயாம். இக்கேள்விக்குரிய விடை பெரும்பாலும் கிராமத்தில் எழுதப்படுவதில்லை. அலுவலக மேசையில் எழுதப்பட்டுவிடுகின்றது. 'விவசாயிகள் ஆர்வத்துடன் வரவேற்கின்றனர்' என்றோ, 'அறியாமை காரணமாகத் தயங்குகின்றனர்' என்றோ ஒரு வரி அறிக்கையிற் சேர்ந்துவிட்டால், அவ்வரியை நம்பியே மேலுள்ளோர் பணம் ஒதுக்குகின்றனர். அல்லது ஒதுக்க மறுக்கின்றனர். பின்னர் விதை மூட்டைகள் கிடங்கிலேயே உளுத்துப் போகுமாயின் பழி குடியானவர் தலைமேல் விழுகின்றது. அவ்வரியை எழுதியவர் எத்தனை பேரைக் கேட்டு எழுதினார் என்று எவரும் வினவுவதில்லை.

அநுபவம் முதிர்ந்தவரின் ஊகத்தை இகழ்தல் தகாது. மாட்டின் பல்லையும் நடையையும் பார்த்த மாத்திரத்தில் அதன் வயதையும் குணத்தையும் கூறுபவர், கணக்குப் போட்டுக் கூறுவதில்லை. மண்ணைக் கையில் எடுத்து உருட்டி, ஏர் பூட்டலாமா என்று சொல்பவரும் அப்படியே. ஆயினும் அத்தகைய ஊகம் பன்முறை சோதிக்கப்பட்ட ஊகமாகும். தவறு நேர்ந்தால் அடுத்த சந்தையிலோ அடுத்த அறுவடையிலோ தெரிந்துவிடும். கைப்பணம் போனவருக்குப் புத்தி வரும். பொதுஜன அபிப்பிராயத்தைப் பற்றிய ஊகத்துக்கோ இந்தத் திருத்தம் எளிதிற் கிடைப்பதில்லை. ஊர் என்ன நினைக்கின்றது என்று தவறாக எழுதியவருக்கு நஷ்டம் ஒன்றுமில்லை, நஷ்டமடைபவர் வேறொருவர்.

மேலும், எவரெவருடன் பழக்கமோ அவரவர் சொல்லிலிருந்தே ஊகம் பிறக்கின்றது. திண்ணைக்கு வருபவர், மனுக் கொடுக்க வருபவர், கூட்டத்தில் முன்வரிசையில் அமர்பவர் ஆகியோர் குரலே அதிகாரியின் காதில் விழுகின்றது. கடைமடையில் பயிரிடுபவரும், வாய்மொழிக் குத்தகைக்காரரும், அந்தி வரையில் வயலில் நிற்பவரும் அங்கே வருவதில்லை. வந்தாலும், அதிகாரிக்கு உவப்பானதைச் சொல்லிவிட்டுப் போவது மரியாதை என்று கருதப்படுகின்றது. தமிழ்நாட்டில் 1980-ல் ஒழிக்கப்பட்ட பரம்பரைக் கர்ணம், மணியம் பதவிகளில் இருந்தோர் தத்தம் ஊரைத் தலைமுறை தலைமுறையாக அறிந்திருந்தனர் என்பது உண்மையே. அவர்களுங்கூட அறிந்திருந்தது பட்டாதாரர் மனத்தையேயன்றிப் பண்ணையாள் மனத்தையன்று. அவர்களுக்குப் பின் வந்த கிராம நிர்வாக அலுவலரோ தேர்வெழுதி நியமனம் பெறுபவர். பிற ஊரிலிருந்து வந்தவராகவும் இருக்கக்கூடும். அவர் ஊகத்தை மட்டும் நம்புவது இரட்டிப்பு அபாயமாகும்.

ஊகத்தையும் விசாரணையையும் எதிரெதிரே நிறுத்திச் சோதித்த வரலாறு அமெரிக்காவில் தெளிவாகக் காணக் கிடைக்கின்றது. அவ்வரலாற்றிற் பெரும்பங்கு விவசாயிகளைச் சார்ந்தது என்பது பலர் அறியாத செய்தி.

1936-ல் அந்நாட்டின் ஜனாதிபதித் தேர்தலில் ரூஸ்வெல்டும் லண்டனும் போட்டியிட்டனர். லிட்டரரி டைஜஸ்ட் என்னும் வாரப் பத்திரிகை, யார் வெல்வர் என்று அறிவதற்காக ஏறத்தாழ 1 கோடி அட்டைகளை அஞ்சலில் அனுப்பி, 20 லட்சத்துக்கும் மேற்பட்ட விடைகளைப் பெற்றது. முந்திய தேர்தல்களில் அதன் ஜோசியம் பலித்திருந்தது. ஆகவே அதன் சொல்லுக்கு மதிப்பு மிகுதி. இம்முறை லண்டனுக்கு நூற்றுக்கு 57 பங்கு வாக்குக் கிடைக்கும் என்று அது கூறிற்று. ஆனால் நூற்றுக்கு 60-க்கு மேல் பெற்று, 48 மாகாணங்களில் 46-ல் ரூஸ்வெல்டே வென்றார். பத்திரிகை அட்டை அனுப்பிய விலாசங்கள் பெரும்பாலும் டெலிபோன் புத்தகத்திலிருந்தும் மோட்டார் வண்டிப் பதிவேடுகளிலிருந்தும் எடுக்கப்பட்டவை. மந்தநிலையால் நொந்து கிடந்த அக்காலத்தில் டெலிபோனும் மோட்டாரும் உடையோர் ஒரு சாரார். இல்லாதோர் மறு சாரார். அட்டை பெற்றவருள்ளும் திருப்பி அனுப்பியோர் நான்கில் ஒரு பங்கினரே. சினம் மிகுந்தவர் எழுதினர், மற்றவர் எழுதவில்லை. 20 லட்சம் பேரைக் கேட்டும் உண்மை கிட்டாமற் போனதற்கு இவையே காரணம். எண்ணிக்கையைப் பெருக்கினால் போதும் என்ற நம்பிக்கையும் ஊகத்தின் ஒரு வகையே. இலக்கம் போர்த்த ஊகம் என்று அதனைச் சொல்லலாம். 1938-ல் அப்பத்திரிகை நின்றுபோயிற்று.

அதே தேர்தலில், ரூஸ்வெல்டு வெல்வார் என்று சரியாகச் சொன்னவர்களுள் ஒருவர் ஜார்ஜ் காலப். அவர் மிகக் குறைவான பேரையே கேட்டார். ஆனால் நகரத்தார், நாட்டுப்புறத்தார், உள்ளோர், இல்லோர் ஆகிய எல்லாத் தரத்தினரும் தக்க அளவில் இடம்பெறுமாறு பார்த்துக் கேட்டார். பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது உண்மைதான். ஆயினும் அடிபிடித்த பானையில் மேற்சோற்றை மட்டும் எடுத்துப் பார்ப்பவர் ஏமாறுவர். காலப் பிறந்தது அயோவா மாகாணத்தில், கிரீன் ஜில்லாவைச் சேர்ந்த ஜெஃபர்ஸன் என்னும் சிற்றூரில். மக்காச்சோளம் விளையும் கரிசற் சீமை அது.

அதே கிரீன் ஜில்லாவிலேயே விவசாயிகளின் மனத்தைப் பற்றிய மிகச் சிறந்த விசாரணை ஒன்று நிகழ்ந்தது. 1920-களின் இறுதியில் வீரிய ஒட்டு மக்காச்சோளம் அங்கே விற்பனைக்கு வந்தது. பழைய விதையைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாக விளைந்தது; தண்டு சாயாது நின்றது. ஆயினும் ஒரு குறை உண்டு. அதன் தானியத்தை மறு ஆண்டுக்கு விதையாக வைத்துக்கொண்டால் அந்த வீரியம் இராது. ஆண்டுதோறும் விலை கொடுத்தே வாங்கவேண்டும். தன் களத்திலிருந்து கதிர் பொறுக்கி விதை வைத்த குடியானவருக்கு இது அற்ப சங்கதியன்று. பிரைஸ் ரயன், நீல் கிராஸ் என்னும் இருவர், கிராண்ட் ஜங்ஷன், ஸ்கிரான்டன் என்னும் இரண்டு ஊர்களில் 259 விவசாயிகளைப் பற்றிய விவரங்களைத் திரட்டினர்; ஒட்டு விதையை முதலில் எப்போது கேள்விப்பட்டீர், யாரிடம் கேட்டீர், எவ்வளவு நிலத்தில் விதைத்தீர், யார் சொல்லை நம்பி விதைத்தீர் என்று அவர்களையே கேட்டறிந்து, முடிவுகளை 1943-ல் வெளியிட்டனர்.

259 பேரில் இருவர் தவிர ஏனையோர் யாவரும் 1941-க்குள் ஒட்டு விதைக்கு மாறிவிட்டனர். ஆனால் கேள்விப்பட்டவுடன் எவரும் நிலம் முழுவதிலும் விதைத்துவிடவில்லை. கேட்டதற்கும் விதைத்ததற்கும் இடையே பல ஆண்டுகள் கழிந்தன. முதலாண்டில் ஒரு மூலையில் சிறிது, மறு ஆண்டு சற்று அதிகம் என்று தாமே சோதித்துப் பார்த்தனர். செய்தியை முதலிற் கொண்டுவந்தவர் யார் என்ற கேள்விக்கு, ஏறத்தாழ பாதிப்பேர் விதைக் கம்பெனியின் விற்பனையாளரைச் சுட்டினர். ஆனால் மனத்தைத் திருப்பியவர் யார் என்ற கேள்விக்கு முதலிடம் பெற்றவர் அண்டை நிலத்துக்காரர். நூற்றுக்கு ஏறத்தாழ 45 பேர் அவரையே குறிப்பிட்டனர். சர்க்காரின் விவசாயப் போதகரைக் குறிப்பிட்டவர் மிகச் சிலரே.

இந்த முடிவை ஊகத்தினால் எட்டியிருக்க முடியுமா? விற்பனையாளரைக் கேட்டிருந்தால், தம் பேச்சு வன்மையால்தான் விதை பரவிற்று என்பார். இலாகா அதிகாரியைக் கேட்டிருந்தால், துண்டுப் பிரசுரத்தின் பலன் என்பார். இருவரும் பொய் சொல்பவரல்லர். தாம் செய்த வேலையைத் தாம் கண்டார், அவ்வளவே. வேலிக்கு அப்பால் நின்று அயலான் கதிரை எடைபோட்ட பார்வையை இருவரும் காணவில்லை. 'அறியாமையால் தயக்கம்' என்று எழுதப்படும் அந்தச் சில ஆண்டுத் தாமதமும் உண்மையில் அறியாமையன்று. தம் நிலத்தில் தாமே நடத்திய பரீட்சை. துண்டுப் பிரசுரங்களை இரட்டிப்பாக அச்சிடுவதா, அன்றி ஊருக்கு இரண்டு பேர் வயலில் சோதனைப் பாத்தி போடுவதா என்னும் கேள்விக்கு இதனினும் தெளிவான விடை கிடைப்பது அரிது.

அமெரிக்க விவசாய இலாகாவே இத்தகைய விசாரணைக்கென ஒரு பிரிவை வைத்திருந்தது. 1939 முதல் ரென்ஸிஸ் லைகர்ட் என்பவர் அதன் தலைவராக இருந்தார். அவருடைய ஆட்கள் 'ஆம்', 'இல்லை' என்று கோடிட்டு வாங்கும் வழக்கத்தோடு நிற்கவில்லை. விவசாயியைத் தம் சொந்தச் சொற்களிற் பேசவிட்டு, அவர் கூறியதைக் கூடியவரை அப்படியே எழுதிக்கொண்டனர். யுத்த காலத்தில் சர்க்கார் கடன் பத்திரங்களை மக்கள் ஏன் வாங்குகின்றனர், ஏன் வாங்குவதில்லை என்று அறியவும் இப்பிரிவினரே ஏவப்பட்டனர். வானொலியிலும் சுவரொட்டியிலும் அழைப்பைக் கேட்டவரைவிட, ஒருவர் நேரில் வந்து கேட்கப் பெற்றவரே மிகுதியாக வாங்கினர் என்று தெரிந்தது. அயோவாவின் வேலியோரத்தில் கண்டதற்கு இது உறவான செய்தியே.

கேட்கும் சொல்லிலும் சூட்சுமம் உண்டு. 1941-ல் டொனால்ட் ரக் என்பவர் ஒரே பொருளை இரண்டு விதமாகக் கேட்டு முடிவுகளை ஒப்பிட்டார். ஜனநாயகத்துக்கு விரோதமான பிரசங்கங்களை அனுமதிக்கலாமா என்று கேட்டபோது, அனுமதிக்கலாகாது என்றவர் நூற்றுக்கு 62 பேர். தடைசெய்ய வேண்டுமா என்று கேட்டபோது, தடைசெய்க என்றவர் 46 பேரே. அனுமதியாமையும் தடை செய்தலும் ஒன்றுதானே என்று தர்க்கம் சொல்லும். கேட்கப்பட்ட மனிதருக்கு அவை ஒன்றல்ல. 'சர்க்கார் அளிக்கும் இந்த நல்ல திட்டத்தை வேண்டாமென்பீரோ?' என்று கேட்டுவிட்டு ஊர் முழுதும் சம்மதம் என்றெழுதுவோர் இதனைக் கவனித்தல் நலம்.

இனி விசாரணையின் பெருந்தோல்வி. 1948 தேர்தலில் ட்ரூமனை எதிர்த்து டியூவி நின்றார். காலப், ரோப்பர், கிராஸ்லி ஆகிய மூவரும் டியூவியே வெல்வார் என்றனர். ரோப்பர் செப்டம்பரிலேயே, முடிவு நிச்சயமாகிவிட்டது, இனிக் கேட்கவேண்டுவதில்லை என்ற நிலைக்கு வந்துவிட்டார். காலப்பும் தேர்தலுக்குச் சில வாரங்களுக்கு முன்பே விசாரணையை நிறுத்திவிட்டார். அவருடைய கணக்கில் டியூவிக்கு 49.5, ட்ரூமனுக்கு 44.5. வந்த முடிவோ ஏறத்தாழ அதற்கு நேர் தலைகீழ்: ட்ரூமனுக்கு 49.5, டியூவிக்கு 45.1.

இடையில் நேர்ந்தது யாது? அவ்வாண்டு மக்காச்சோள விளைச்சல் மிகுதி; இலையுதிர் காலத்தில் விலை பெரிதும் வீழ்ந்தது. சர்க்காரின் ஆதரவு விலைக் கடனைப் பெறுவதற்குத் தானியத்தைத் தக்க கிடங்கில் வைத்துக் காட்ட வேண்டும். ஆனால் புதிய கிடங்குகளைச் சர்க்கார் ஸ்தாபனம் ஏற்படுத்திக்கொள்ளும் அதிகாரத்தைக் காங்கிரஸ் சபை அவ்வாண்டு ஜூனிற் சட்டத்தினாற் குறைத்துவிட்டது. கிடங்கு இல்லாதவர் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டனர். செப்டம்பர் 18-ந் தேதி அயோவாவில் டெக்ஸ்டர் என்னும் ஊரில் தேசிய உழவுப் போட்டி நடந்தது. அங்கே திரண்ட உழவர் கூட்டத்தின் முன் ட்ரூமன் இந்தக் கிடங்குச் சங்கதியையே எடுத்து முழங்கினார். டெக்ஸ்டரிலிருந்து காலப் பிறந்த ஜெஃபர்ஸன் 40 மைலுக்குட்பட்ட தொலைவில் உள்ளது. அம்மண்ணின் மைந்தரது கணக்கு அம்மண்ணிலேயே பிழைத்தது விந்தையே. 1944-ல் டியூவியை ஆதரித்த அயோவாவும் ஒஹையோவும் விஸ்கான்ஸினும் 1948-ல் ட்ரூமன் பக்கம் சாய்ந்தன.

தோல்விக்கான காரணங்களை ஆராய்ந்த அறிஞர் குழு 1949-ல் வெளியிட்ட அறிக்கையில், விசாரணையை முன்னதாகவே நிறுத்தியதும், ஆட்களைத் தெரிந்தெடுத்த முறையும் பெருங்குறைகளாகக் காட்டப்பட்டன. வயதானோர் இத்தனை, பெண்கள் இத்தனை என்று பங்கு குறித்துக் கொடுத்துவிட்டு, எவரைக் கேட்பது என்பதை விசாரணை செய்வோர் விருப்பத்துக்கே விட்டிருந்தனர். அவர்களோ, பேசுவதற்கு இணக்கமான, படித்த, வசதியுள்ள மனிதரையே நாடிச் சென்றனர். திண்ணைக் குற்றம் வேறு வடிவில் உள்ளே புகுந்துவிட்டது. பின்னர் அம்முறை கைவிடப்பட்டு, குலுக்கல் போன்ற முறையில் ஆட்களைப் பொறுக்கும் வழக்கம் பரவியது.

இந்தத் தோல்வியைக் காட்டி, பார்த்தீரா, அநுபவசாலியின் ஊகமே மேல் என்பார் உளர். அவர்கள் அதே இரவின் மற்றொரு சம்பவத்தையும் நினைவுகூரல் வேண்டும். அச்சகத் தொழிலாளர் வேலைநிறுத்தம் காரணமாகச் சிகாகோ டெய்லி ட்ரிப்யூன் அன்று முன்கூட்டியே அச்சேற வேண்டியிருந்தது. முடிவு வருமுன், பல தேர்தல்களைக் கண்டு பழுத்த அதன் வாஷிங்டன் நிருபர் ஆர்தர் சியர்ஸ் ஹென்னிங்கின் தீர்மானத்தை நம்பி, டியூவி ட்ரூமனை முறியடித்தார் என்று கொட்டை எழுத்தில் தலைப்பிட்டது. அவ்விதழை உயர்த்திப் பிடித்துச் சிரிக்கும் ட்ரூமனின் படம் உலகப் பிரசித்தம். ஊகமும் தவறிற்று, விசாரணையும் தவறிற்று. வேற்றுமை ஒன்றே: விசாரணை தவறியபோது எங்கே, எதனால் என்று ஏட்டைப் புரட்டிப் பார்க்க முடிந்தது, செய்முறையும் மாற்றப்பட்டது. நிருபரின் ஊகத்தைத் திறந்து பார்ப்பதற்கு ஏடு ஏது?

கேட்பதற்கு வேறொரு தடையும் உண்டு; அது அறிவின் குறையன்று, அதிகாரத்தின் அச்சம். அமெரிக்க விவசாய இலாகாவின் பொருளாதாரப் பிரிவு, மிஸிஸிப்பி மாகாணத்தின் கோஹோமா என்னும் பருத்தி ஜில்லாவில் கறுப்பு இனத்தவரின் நிலையை உள்ளபடி எழுதிற்று. தென்னாட்டு உறுப்பினர் சினந்தனர். 1946-ல் இத்தகைய சமூக விசாரணைகளுக்குப் பணம் செலவிடலாகாது என்று காங்கிரஸ் சபை நிபந்தனை விதித்தது. லைகர்டின் பிரிவுக்கும் பணம் வெட்டப்பட்டது. அவரும் சகாக்களும் மிச்சிகன் சர்வகலாசாலைக்குப் போய்ச் சேர்ந்தனர். விடை கசந்தபோது கேள்வியையே நிறுத்திவிடுவது எந்நாட்டிலும் நேரக்கூடியதே.

தமிழ்நாட்டு நெல் விவசாயிக்கு இவையெல்லாம் தூர தேசத்துக் கதைகளல்ல. 1966-ல் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ஐ.ஆர். 8 ரகத்தின் விளைச்சலைத் தராசில் நிறுத்து அறியலாம். அதனை எவரும் மறுக்கவியலாது. ஆனால் அது குட்டைப் பயிர், வைக்கோல் நீளமில்லை. அரிசி தடித்தது, சோறு ஆறினால் விறைத்துப்போகும். மாடு வைத்திருப்பவர் வைக்கோலைப் பார்ப்பார். பழையது உண்ணும் வீட்டில் ஆறிய சோற்றைப் பார்ப்பார். களத்துமேட்டில் ஆண்களை மட்டும் கேட்டால் மகசூல் கணக்கு வரும். உலைவைப்பவரைக் கேட்டாலன்றிச் சோற்றின் கணக்கு வராது.

ஒரு கிராமத்தின் மனத்தை அறிவதற்குப் பெரிய ஸ்தாபனமோ பெருஞ்செலவோ தேவையில்லை. கிராம சபையில் எழுந்த கைகளை எண்ணுவது போதாது. வந்தவர் கையே அங்கு எழும். பட்டாப் பதிவேட்டிலிருந்து பெயர் பொறுக்குவதும் போதாது. குத்தகைக்காரரும் கூலியாட்களும் அதில் இரார், அது டெலிபோன் புத்தகத்தின் தவறேயாகும். குடும்ப அட்டைப் பட்டியலில் பத்தாவது பெயர்தோறும் குறித்துக்கொண்டு அவ்வீடுகளுக்கே போவது மேல். குறித்த வீடு பூட்டியிருந்தால் அடுத்த வீட்டைத் தட்டாமல், மறுநாள் மாலை அதே வீட்டுக்குத் திரும்பிப் போதல் வேண்டும். கேட்பவர் அந்தத் திட்டத்துக்குப் பொறுப்பாளராக இராமல், வேறொருவராக இருப்பது நலம். சொல்வதைச் சொன்னபடியே எழுதிக்கொள்ள வேண்டும். விதைப்புக்கு முன் கேட்டதை அறுவடைக்குப் பின் மறுமுறை கேட்கவேண்டும். ஏனெனில் விலை வீழ்ந்த மாதத்து மனம் விதைத்த மாதத்து மனமன்று. மேலே செல்லும் அறிக்கையில் எத்தனை வீடு கேட்கப்பட்டது, எத்தனை பேர் வேண்டுமென்றனர், எத்தனை பேர் வேண்டாமென்றனர், எத்தனை பேர் ஒன்றும் சொல்லாது மௌனமாக இருந்தனர் என்பவற்றைத் தனித்தனியே காட்டவேண்டும். அந்த மௌனமானவரின் தொகை பெரிதாக இருந்தால், விதை மூட்டைகளை ஏற்றி அனுப்புமுன் மறுபடியும் ஒருமுறை அவ்வூருக்குப் போய்வருவதற்கு ஆகும் செலவு பஸ் கட்டணமே.